புற்றரையின் நோயும் காரணங் காணும் முறையும்

கல்விக்கூடங்களின் முன்றிலிலும் அரச காரியாலயங்களின் முகப்பிலும் விரிந்து கிடக்கும் புற்றரையை இயற்கையின் ஒரு பகுதியாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் மனித உழைப்பில் அதனைப் போல முற்றாகத் தங்கியிருக்கும் பசுமை வேறெதுவும் இல்லையெனலாம். சில வாரங்கள் வெட்டாது விட்டாற் புற்றரை வெறும் புற்காடாகிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில நிலவுடைமையாளர் தம் மாளிகைகளைச் சூழப் பரப்பிய புல்வெளிகளை ஆடுகளின் பற்களும் கூலியாட்களின் நீண்ட அரிவாள்களுமே சீராக வைத்திருந்தன. விளையக்கூடிய நிலத்தை விளைவிக்காமல் வைத்திருக்கத் தமக்கு இயலும் என்று அயலாருக்கு அறிவிப்பதே அப்பரப்பின் சமூகப் பொருளாக இருந்தது. 1830இலே குளொஸ்ரர்சயரைச் சேர்ந்த எட்வின் படிங் என்பார் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேற்பரப்பு மயிரைச் சமமாகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரமே அவருக்கு முன்மாதிரி. நெசவாலையிற் பிறந்த அந்த இயந்திரத்தின் வழியாகவே புற்றரை, மாளிகையிலிருந்து நடுத்தர வகுப்பினரின் முற்றத்துக்கு இறங்கி வந்தது. ஐக்கிய அமெரிக்காவிலே புற்றரைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீற்றர் என 2005இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அது இலங்கைத் தீவின் பரப்பைப் போல் இரு மடங்கிலும் கூடியது.

இத்தகைய பரப்பொன்று பழுதுறும்பொழுது காரணத்தை எவ்வாறு அறிவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய மாணவனொருவன் இதனை எழுதப் புகுந்தமைக்கு ஒரு நிகழ்ச்சியே ஏது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மலைநாட்டிலுள்ள கல்வி நிறுவனமொன்றில் நான் தற்காலிகமாகக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில், பிரதான மண்டபத்தின் முன்னிருந்த அறுகம்புற்றரையிலே வைக்கோல் நிறத்திற் சிறு வட்டங்கள் தோன்றலாயின. நீர் ஊற்றாமையே காரணமென நிருவாகம் ஒரே பார்வையில் முடிவு செய்தது. அத்தரையைப் பராமரித்த தொழிலாளிக்கு மாலைதோறும் நன்கு நீர் பாய்ச்சுமாறு கட்டளை பிறந்தது. அவர் அவ்வாறே செய்தார். வட்டங்கள் பெருகி ஒன்றோடொன்று இணைந்தன. கட்டளையை நிறைவேற்றவில்லையென அவருடைய சம்பளத்தில் மூன்று நாட்கூலி வெட்டப்பட்டது. அவரோ என்னிடம், “சேர், வெயில் ஏறினதுக்கப்புறம் வந்து பார்த்தா ஒன்னும் தெரியாது. காலையில ஆறு மணிக்கு வாங்க, காட்டுறேன்” என்றார். மறுநாள் சென்றேன். பனி படிந்த புல்லின் மேல், ஒவ்வொரு வட்டத்திலும், வெண்பஞ்சைப் பிய்த்துப் போட்டாற் போன்ற மெல்லிய இழைகள் படர்ந்திருந்தன. எட்டு மணிக்கு அவற்றின் சுவடே இல்லை. அத்தரையைப் பற்றி முடிவெடுத்தவர்களுள் எவரும் ஒன்பது மணிக்கு முன் அங்கு வருபவரல்லர்.

அவ்விழைகள் ஒரு பங்கசுவினுடையவை. விவசாயம் பயின்ற நண்பரொருவர் இலையை நுணுக்குக்காட்டியிற் பார்த்து, ‘டொலர்ப் புள்ளி’ எனப் பெயர்பெற்ற நோய் இதுவென்றார். நெருங்க வெட்டப்பட்ட புற்றரையில் ஏறத்தாழ அமெரிக்க வெள்ளி டொலர் நாணயத்தின் அளவான வெளிறிய புள்ளிகள் தோன்றுவதால் அப்பெயர் வந்தது. நைதரசன் போதாத தரையில், மண் வறண்டும் இலை நெடுநேரம் ஈரமாகவும் இருக்கும்பொழுது அது பரவும். மாலையிற் பாய்ச்சிய நீர், இரவுப் பனியோடு சேர்ந்து, விடிந்த பின்னும் இலையை ஈரமாகவே வைத்திருந்தது. நோய்க்கு மருந்தெனக் கருதப்பட்டதே நோயை வளர்த்தது. அதன் பழியோ மருந்தை விதித்தவர்மீதன்றி அதனைக் கையால் ஊற்றியவர்மீது விழுந்தது.

தாவர நோயியலார் நோயினை முக்கோணமாக விளக்குவர். நோய்க்கு ஆளாகும் தாவரம், நோயாக்கி, சூழல் ஆகிய மூன்றும் பொருந்தும்பொழுதே நோய் உண்டாகிறது. பங்கசுவின் வித்திகளும் இழைகளும் ஏறத்தாழ எல்லாப் புற்றரைகளிலும் எக்காலமும் இருப்பவை. எனவே ‘பங்கசு உண்டா?’ என்ற வினாவைக் காட்டிலும், ‘நேற்றுவரை செயலற்றிருந்த பங்கசுவை இன்று செயற்படச் செய்தது எது?’ என்ற வினாவே பயனுடையது. சமூக நிகழ்வுகளைத் தனிக் காரணமொன்றாற் கணக்குத் தீர்க்க முயல்வோர்க்கு எதிராக நாம் கூறிவருவதனை ஒரு புல்லின் இலை மெய்ப்பிப்பதைக் கண்டு நான் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

காரணங் காணும் முயற்சி, தனித் தாளைப் பிடுங்கிப் பார்ப்பதில் தொடங்குவதன்று. முதலிற் சற்று விலகி நின்று, பழுது எவ்வடிவிற் பரவியிருக்கிறது என்பதை நோக்குதல் வேண்டும். நேர்கோடு, கூரிய மூலை, ஒழுங்கான இடைவெளி ஆகியன காணப்படின் பெரும்பாலும் அது உயிரற்ற காரணத்தால், அதிலும் மனிதன் செய்த செயலால், விளைந்ததாகும். பசளையைச் சீராகத் தூவாதுவிடின் கரும்பச்சையும் மஞ்சளுமான பட்டைகள் மாறிமாறித் தோன்றும். மிகுதியாகக் கொட்டப்பட்ட இடம் கருகும். களைநாசினி தெளித்தவர் நடந்த வழியே இறந்த புல் வரிசையாய்க் கிடக்கும். மேடான இடத்தில் இயந்திரத்தின் அலகு தாழ்ந்து தண்டையே சீவிவிட்டால், அம்மேட்டின் வடிவமே பழுதின் வடிவமாகும். பழைய கட்டடத்தின் அத்திவாரமோ கல்லோ மண்ணுள் மறைந்து கிடந்தால், வறட்சிக் காலத்தில் அதன் உருவம் மேலே காய்ந்த புல்லாய் எழுதப்படும். இதனை அறிய நீண்ட இரும்புக் கம்பியொன்றை ஊன்றிப் பார்த்தாற் போதும். அக்கம்பி எங்கும் எளிதில் இறங்காவிடின் மண் இறுகியிருக்கிறது என்பது பொருள். குறுக்கு வழியாகப் பலர் நடந்து செல்லுமிடத்திலே புல் மெலிவதற்கு வேறு நோய் தேட வேண்டியதில்லை.

உயிருள்ள காரணங்கள் இத்தகைய ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. அவை ஒரு புள்ளியிலே தொடங்கி, விளிம்பு நோக்கி நாளுக்குநாள் நகர்வன. இவ்விதிக்கும் விலக்குண்டு. பித்தியம் என்னும் நோயாக்கி வெப்பமான இரவுகளில் நீர் வடியும் வழியேயும் இயந்திரத்தின் சில்லுத் தடத்தின் வழியேயும் பரவி நீண்ட கோடுகளாகத் தோன்றும். ஆனால் நோயுற்ற புல் எண்ணெய் பூசியது போல வழுவழுப்பாயிருக்கும். களைநாசினியால் இறந்த புல் அவ்வாறிராது. வட்டமெல்லாம் பங்கசுவும் அல்ல. நடுவிற் கருகியும் சுற்றிலும் கரும்பச்சை வளையத்தோடும் காணப்படும் சிறு திட்டு பெரும்பாலும் நாய் சிறுநீர் கழித்த இடமாகும். மிகுந்த நைதரசன் நடுவிற் புல்லை எரிக்க, நீர்த்துப்போன அதே நைதரசன் ஓரத்தில் அதனை ஊட்டி வளர்க்கிறது. அளவு மாறும்பொழுது பண்பே மாறுதற்கு இதனிலும் எளிய எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது.

வட்டங்களுள் மனிதக் கற்பனையை மிகவும் ஈர்த்தது ‘தேவதை வளையம்’ எனப்படுவதாகும். ஆண்டுதோறும் அகன்று செல்லும் கரும்பச்சை வளையமும், சில காலங்களில் அதன் ஓரத்தே முளைக்கும் காளான்களும் ஐரோப்பியக் கிராமத்தவருக்கு வனதேவதைகள் நிலவொளியில் ஆடிய இடமாகத் தோன்றின. சேக்ஸ்பியரின் ‘புயல்’ நாடகத்தின் இறுதி அங்கத்தில் புரொஸ்பெரோவின் உரையிலே இவ்வளையங்கள் இடம்பெறுகின்றன. ஆடுகள் அப்புல்லை மேய்வதில்லை என்ற நுட்பமான அவதானமும் அங்கே உண்டு. நாடகாசிரியனின் காதுக்கு மேய்ப்பர்களின் பேச்சு எட்டியிருக்கிறது என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர் சிலர் தேவதைகளை நீக்கிவிட்டு அவ்விடத்தில் மின்னலை வைத்தனர். இராசமசு டார்வினும் அக்கருத்தினரே. 1807இல் வில்லியம் கைட் வொலஸ்ரன் பங்கசுவே காரணமென்பதை விளக்கினார். நடுவில் தோன்றிய பங்கசு அங்குள்ள உணவைத் தீர்த்து வெளிநோக்கி நகர்கிறது. மண்ணிலுள்ள சேதனப் பொருளை அது சிதைக்கும்பொழுது வெளிப்படும் நைதரசனாற் புல் செழிக்கிறது. சிலவிடத்து அதன் இழைகள் செறிந்து மண்ணுள் நீர் இறங்காதவாறு தடுப்பதால் வளையம் வறண்டு சாவதும் உண்டு. அந்நிலையில் மேலே நீர் தெளிப்பதாற் பயனில்லை; மண்ணைத் துளைத்து நீரை உள்ளே இறக்குதல் வேண்டும்.

வடிவத்தை நோக்கியபின் தனித் தாளை நோக்கலாம். கூர்மழுங்கிய அலகினால் வெட்டப்பட்ட இலையின் நுனி நாராகக் கிழிந்திருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முழுத் தரையும் சாம்பல் வெண்மையாகத் தெரியும். இது நோயென்று மயங்கப்படுவது மிகச் சாதாரணம். நைதரசன் குறையின் முதிய இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புக் குறைபாடோ இளம் இலைகளின் நரம்பிடைகளில் தோன்றும். நீர் போதாத புல் நீலஞ் சார்ந்த சாம்பல் நிறமடைந்து, மிதித்த அடிச்சுவடு நிமிராமல் நெடுநேரம் கிடக்கும். எங்கள் நிறுவனத்தார் இவ்வொரு சோதனையைச் செய்திருப்பின் மூன்று நாட்கூலி மிஞ்சியிருக்கும். டொலர்ப் புள்ளியில் இலையின் குறுக்கே வெளிறிய பட்டையும் அதன் இரு ஓரங்களிற் செங்கபில நிறக் கோடும் காணப்படும். பனியில் தெரியும் வெள்ளிழைகளைச் சிலந்தி வலையோடு மயக்குவோரும் உளர். சிலந்தி வலை இலைகளின் நுனிகளை இணைத்து ஒரே தளத்திற் கட்டப்பட்டிருக்கும். பங்கசுவின் இழையோ இலைகளுக்கிடையே மேலும் கீழுமாகப் பின்னிக் கிடக்கும்.

வேரைப் பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பழுதான புல்லைக் கையாற் பற்றி இழுக்கையில் அது பாய் சுருட்டினாற் போல எழுந்துவருமாயின் வேர்கள் தின்னப்பட்டுள்ளன. கீழே வளைந்த உடலோடு வெண்ணிற வண்டுக் குடம்பிகள் கிடக்கக் காணலாம். காகமும் மைனாவும் ஓரிடத்தை விடாது கிளறுமாயின் அங்கும் இவ்வாறே பார்க்க வேண்டும். இலையைத் தின்னும் புழுக்களைக் காணச் சவர்க்கார நீரை ஊற்றிச் சிறிது நேரம் பொறுத்தாற் போதும். அவை மேலே வரும். சாறுறிஞ்சும் சிறு பூச்சிகளுக்கோ, இருபுறமும் திறந்த தகரப் பேணியொன்றை மண்ணில் அழுத்தி நீர் நிரப்பினால் ஐந்து பத்து நிமிடத்தில் அவை மிதக்கும். வட்டப்புழுக்களைக் கண்ணாற் காண இயலாது. அவற்றுக்கு ஆய்வுகூடமே துணை.

இனி, இத்துறையின் வரலாற்றிலே நான் சற்றும் எதிர்பாராத ஒருவரைச் சந்திக்க நேர்ந்ததைக் கூற வேண்டும். புற்றரை நோய்களுள் நன்கறியப்பட்டதான ‘கபிலத் திட்டு’ 1914இல் பிலடெல்பியாவில் பிரெட் டெயிலர் என்பவரின் புற்றோட்டத்திலே முதன்முதல் அவதானிக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. இவர் வேறெவருமல்லர், 1911இல் ‘விஞ்ஞானபூர்வ முகாமைத்துவத்தின் கோட்பாடுகள்’ என்ற நூலை வெளியிட்ட அதே பிரெடரிக் வின்சுலோ டெயிலர். பெத்லகேம் உருக்காலையில் ஒரு மண்வெட்டியில் எத்தனை இறாத்தல் அள்ளினாற் கூலியாளிடமிருந்து உச்ச உழைப்பைப் பெறலாம் எனக் கணித்தவர்; தொழிலாளி சிந்திக்க வேண்டியதில்லை, சிந்தனை முகாமைக்குரியது என வகுத்தவர். இறுதிக் காலத்திலே தமது இல்லத் தோட்டத்திற் குழிப்பந்தாட்டத்துக்கேற்ற புற்றரையை உருவாக்கும் பரிசோதனைகளில் ஈடுபட்டார். ஆலையிற் போலவே இங்கும் மண்ணின் கலவை, நீரின் அளவு முதலிய ஒவ்வொன்றையும் பிரித்து அளந்தார். அவ்வாறு அளந்து அமைத்த தரையிலேதான் நோய் வெளிப்பட்டது. 1915இல் அவர் இறந்தார். 1919இல் பைப்பர், கோ என்னும் இருவர் அந்நோய்க்குரிய பங்கசுவை றைசொக்ரோனியா சொலானி என இனங்கண்டு எழுதினர். அது புதிய பங்கசுவுமன்று. 1858இலேயே ஜேர்மனியில் கூன் என்பவர் உருளைக்கிழங்கில் அதனைக் கண்டு விவரித்திருந்தார்.

டெயிலரின் முறையில் அளத்தல், ஒப்பிடுதல், பதிவுசெய்தல் ஆகிய நற்கூறுகள் உண்டென்பதை மறுக்க வேண்டியதில்லை. அவரது முறையை 1914இற் கடுமையாகச் சாடிய லெனின், 1918இல் அதில் கற்றுக்கொள்ளத்தக்கனவும் உள என எழுதினார். ஆனால் கருத்தையும் கரத்தையும் வேறாக்கும் பிரிவினை நோய் காண்பதற்குப் பெருந்தடையாகும் என்பதனை அவருடைய தோட்டத்து நோயே காட்டுகிறது. வெட்டுயரம் குறைந்த தரையில், கபிலத் திட்டின் ஓரத்தே சாம்பல் ஊதா நிறமான புகைவளையம் ஒன்று தோன்றும். புதிதாகத் தாக்குண்ட இலைகளும் பங்கசு இழைகளும் சேர்ந்த அவ்வளையம் விடியற் பனியிலேதான் தெளிவாகத் தெரியும்; வெயிலேறி இலை உலர்ந்ததும் மறைந்துவிடும். அதனைக் காண்பவர் அதிகாலையில் தரைக்குச் செல்பவரே. முகாமை தன் மேசைக்கு வரும் வேளையில் தடயம் அழிந்திருக்கும்.

நீண்ட காலம் டொலர்ப் புள்ளியும் இக்கபிலத் திட்டும் ஒரே நோயின் சிறிய, பெரிய வடிவங்களெனவே கருதப்பட்டன. 1932இல் மொன்ரீத், டால் ஆகியோரின் நூல் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டியது. 1937இல் பெனற் டொலர்ப் புள்ளியின் பங்கசுவுக்குப் பெயரிட்டார். 2018இல் அது கிளாரிரீடியா என்னும் புதிய சாதிக்கு மாற்றப்பட்டது. இவ்வேறுபாடு பெயரளவினதன்று. கபிலத் திட்டு நைதரசன் மிகுதியாற் பெருகுவது. டொலர்ப் புள்ளி நைதரசன் குறைவாற் பெருகுவது. ஒரே யூரியா மூடை ஒன்றைத் தணிக்கும், மற்றையதைப் பெருக்கும். எனவே ‘வட்டமாய்க் காய்கிறது, ஏதாவது போடுங்கள்’ என்ற கட்டளை பாதியளவில் எப்பொழுதும் தவறாகவே முடியும்.

தவறான முடிவின் விலை புல்லோடு நிற்பதுமில்லை. 1920களிலிருந்து பல பத்தாண்டுகள் அமெரிக்கக் குழிப்பந்தாட்டத் தரைகளிற் பாதரசச் சேர்வைகள் தெளிக்கப்பட்டன. பின்னர்க் கட்மியச் சேர்வைகளும் வந்தன. அவற்றைக் கலக்கியவரும் தூவியவரும் ஆட்டக்காரரல்லர். பாதரசத்தின் இறுதிப் பயன்பாடுகள் அங்கு 1990களிலேயே கைவிடப்பட்டன. நஞ்சுக்குத் தாக்குப்பிடிக்கும் பங்கசுக்கள் இதற்கிடையிலேயே தோன்றிவிட்டன. நாய் கழித்த சிறுநீருக்கும் மழுங்கிய அலகுக்கும் பங்கசுநாசினி தெளிப்பது, விற்பவருக்கன்றி வேறெவருக்கும் உதவாத செயல்.

இலங்கைக்கும் இத்தகைய வினா புதியதன்று. 1869இல் இங்கு கோப்பியிலைத் துரு நோய் தோன்றியபொழுது காலநிலையும் மண்ணின் களைப்புமே காரணமெனத் தோட்டத்துரைமார் பலர் நம்பினர். 1880 முதல் 1882 வரை இங்கிருந்து ஆராய்ந்த மார்சல் வார்ட், வித்தி இலையிற் படிந்து முளைத்து உட்புகும் முறையை நிறுவியதோடு, இடையீடின்றி மலைமலையாகக் கோப்பியை மட்டும் நட்டமையே காற்றில் வரும் வித்திகளுக்கு வாய்ப்பளித்தது என்பதையும் உணர்த்தினார். முன்னைய உண்மை ஏற்கப்பட்டது. பின்னையதைக் கேட்கும் நிலையில் மூலதனம் இருக்கவில்லை. கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை அதே முறையில் நடப்பட்டது. ஓரினப் புல்லை ஒரே உயரத்தில் வெட்டி வளர்க்கும் தரையும் அளவிற் சிறிய அத்தகைய தோட்டமேயாகும்.

பங்கசுவைக் கண்டவுடன் காரணத்தைக் கண்டுவிட்டதாக எண்ணுதலும் ஆகாது. இறந்த இலையை உண்டு வாழும் பங்கசுக்கள் பலவுள. அவை சாவுக்குப் பின் வந்தவை. நாவலொன்றிலே பிறமொழி நூலின் சாயல் தென்பட்டவுடன் அதனையே அந்நாவலின் தோற்றுவாயெனத் துணியும் ஒப்பியலாளரின் பிழையும் இத்தகையதே. ஐயமிருப்பின், நோயாக்கியைப் பிரித்து வளர்த்து, நலமுள்ள புல்லில் ஏற்றி, அதே நோய் தோன்றுகிறதா எனக் கண்டு, மீண்டும் அதிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கும் கொக்கின் முறையே இறுதிச் சான்றாகும். அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் மாதிரியோ சரியாக எடுக்கப்பட வேண்டும். முற்றாக இறந்த நடுப்பகுதியிலிருந்து எடுக்கும் புல் எதனையும் உணர்த்தாது. நோயும் நலமும் சந்திக்கும் விளிம்பிலே, வேரும் மண்ணும் சேர ஒரு கையகலத் துண்டை வெட்டியெடுத்து, ஈரப் பொலித்தீனில் அன்றிக் கடதாசியிற் சுற்றி, தாமதமின்றி அனுப்புதல் நன்று.

மாதிரியோடு செல்லும் குறிப்பில் கடைசியாக எப்பொழுது வெட்டியது, எந்த நேரத்தில் எவ்வளவு நீர் பாய்ச்சியது, எப்பசளை எப்பொழுது இடப்பட்டது, முதற் புள்ளி எங்கு தோன்றியது, விடியலிற் கண்டது யாது என்பன எழுதப்படுதல் வேண்டும். எங்கள் நிறுவனத்தில் இவ்வினாக்கள் அனைத்துக்கும் விடை கூறக்கூடியவர் ஒருவரே இருந்தார். நண்பர் அவர் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டார். மாலை நீர் காலைக்கு மாற்றப்பட்டு, சிறிதளவு யூரியா இடப்பட்டது. மூன்று வாரத்தில் அறுகு மீண்டும் ஓடத் தொடங்கியது. விழா குறித்த நாளில் நடந்தது. வெட்டப்பட்ட கூலியைத் திருப்பித் தருமாறு நாங்கள் இருவரும் கையொப்பமிட்டு அனுப்பிய கடிதத்துக்கு, நான் அந்நிறுவனத்தை விட்டு நீங்கும் வரையிற் பதில் வரவில்லை.